மான் வேட்டையில் குறி தப்பினால்: காயம்பட்ட விலங்குக்கு யார் பொறுப்பு?

மான் வேட்டைக் காணொளிகள் உங்கள் யூடியூப் பக்கத்திலும் வந்திருக்கலாம். பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரிதான். துப்பாக்கிச் சத்தம் கேட்கும், மான் சாயும், வேட்டைக்காரர் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வார்.

சில வேளைகளில் மான் சாய்வதில்லை. காயத்தோடு காட்டுக்குள் ஓடிவிடுகிறது. அந்தக் காட்சியை அதிகம் பேர் பதிவேற்றுவதில்லை.

அமெரிக்கா, ஜெர்மனி, நார்வே போன்ற நாடுகளில் மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. அங்கே மானைக் கொன்றதைவிட, காயப்படுத்திவிட்டுத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போனதுதான் மனத்தை உறுத்துகிறது என்று சொல்லும் வேட்டைக்காரர்கள் பலர். ஏன் அப்படி?

எவ்வளவு அடிக்கடி நடக்கிறது?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை நடந்த வில் வேட்டையை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தனர். அம்பு பட்ட மான்களில் சுமார் 18 விழுக்காடு கைக்குக் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. அவை எல்லாமே செத்திருக்கும் என்று சொல்ல முடியாது. காயம் ஆறிப் பிழைக்கும் மான்களும் உண்டு. துப்பாக்கி வேட்டையிலும் இந்த ஆபத்து முழுமையாக நீங்குவதில்லை.

குறி ஏன் தப்புகிறது?

வேட்டைக்காரர் குறிவைப்பது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியை. அங்கே பட்டால் மான் சீக்கிரம் இறந்துவிடும். ஆனால் விசையை அழுத்தும் நொடியில் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், குண்டு வயிற்றிலோ காலிலோ பாயலாம். வில் நாணின் சத்தம் கேட்டாலே சில மான்கள் சட்டென்று உடம்பைத் தாழ்த்திவிடும்.

பதற்றமும் ஒரு காரணம். மானைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இதற்கு அமெரிக்க வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'பக் ஃபீவர்'.

இன்னொன்றையும் கவனியுங்கள். சரியான இடத்தில் குண்டு பட்ட மான்கூட 100 மீட்டர் வரை ஓடலாம். அதனால், மான் ஓடுவதைப் பார்த்துவிட்டு "படவே இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது ரொம்ப சுலபம். சுட்ட இடத்துக்குப் போய்ப் பார்க்காத வரை அது உண்மையா என்று தெரியாது.

உடனே துரத்த வேண்டியதுதானே?

கூடாது. இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். காயம்பட்ட மானைத் துரத்தினால் அது பயத்தில் இன்னும் தூரம் ஓடும். விட்டுவிட்டால், பெரும்பாலும் பக்கத்திலேயே புதர் பார்த்துப் படுத்துக்கொள்ளும்.

அதனால் அனுபவசாலிகள் முதலில் மான் நின்ற இடத்தை அடையாளம் வைக்கிறார்கள். பிறகு இரத்தத்தைப் பார்க்கிறார்கள். நுரையுடன் வெளிர்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் அடி. கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம். பச்சை நிறக் கசிவு கலந்திருந்தால் வயிறு அல்லது குடல். அப்படியென்றால் பல மணி நேரம் காத்திருந்த பிறகே தேடிப் போவார்கள்.

அந்தக் காத்திருப்பு லேசான விஷயம் இல்லை. ஒரு விலங்கு எங்கோ வலியில் கிடக்கிறது, அதற்குக் காரணமானவர் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். மழை வந்தால் தடம் அழிந்துவிடும். இருட்டினால் தேடுவது கடினம். எப்போது கிளம்புவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நார்வேயில் பெரிய விலங்குகளை வேட்டையாட, ஒவ்வோர் ஆண்டும் துப்பாக்கித் தேர்வில் தேற வேண்டும். 100 மீட்டர் தூரத்தில் உள்ள கலைமான் உருவத்தை நோக்கி 5 முறை சுட வேண்டும். ஐந்தும் குறிப்பிட்ட பகுதிக்குள் பட வேண்டும். மான் வேட்டைக்குப் போகிறவர், தேவைப்பட்டால் உடனே அழைக்கக்கூடிய பயிற்சி பெற்ற மோப்ப நாய்க்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் காயம்பட்ட விலங்கைத் தேடி அதன் வேதனையை முடிப்பது சட்டக் கடமை. இரத்தத் தடம் பிடிப்பதற்காகவே ஹனோவர், பவேரிய நாய் இனங்களை அங்கு வளர்த்திருக்கிறார்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் வில்லால் மான் வேட்டையாடவே தடை.

குற்ற உணர்ச்சியால் என்ன பயன்?

சிலருக்குத் தூக்கம் வராது. சிலர் வேட்டையையே விட்டுவிடுகிறார்கள். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களும் உண்டு. "இதெல்லாம் சகஜம்" என்று கடந்துபோகிறவர்களும் உண்டு.

வருத்தப்படுவதால் மட்டும் மானுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இருட்டிய பிறகும் விளக்கோடு தேடுவது, நாயோடு வரச்சொல்லி உதவி கேட்பது, அடுத்த முறை சந்தேகம் இருந்தால் சுடாமலே திரும்புவது என்று அந்த வருத்தம் செயலாக மாறும்போதுதான் அதற்கு அர்த்தம். அமெரிக்க இயற்கைச் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்ட் சுட்டிக்காட்டியதுபோல, வேட்டைக்காரரைக் கைதட்டவோ கண்டிக்கவோ காட்டில் பார்வையாளர்கள் கிடையாது. பாதியில் தேடலைக் கைவிட்டாலும் யாருக்கும் தெரியாது.

அப்படியானால் வேட்டையே வேண்டாமே?

நியாயமான கேள்வி. எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில விலங்குகள் வலியில் துடிக்கும் என்று முன்கூட்டியே தெரிகிறது. அப்படித் தெரிந்தே செய்வது தவறு என்கிறார்கள் விலங்குரிமை ஆர்வலர்கள். ஓநாய் போன்ற எதிரிகள் அழிந்துபோன இடங்களில் மான்கள் பெருகி இளமரங்களைத் தின்று தீர்க்கின்றன, பட்டினியாலும் வாகனம் மோதியும் சாவது மட்டும் வலியில்லாததா என்று கேட்கிறது மறுதரப்பு.

இரண்டு வாதங்களிலும் பொருள் இருக்கிறது. ஆனால் ஒன்றில் இரு தரப்பும் ஒத்துப்போகலாம்: காயப்படுத்தியவர் அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சிங்கப்பூரில் அனுமதியின்றி வனவிலங்குகளைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். ஆனால் மண்டாய் பக்கம் கடமான்கள் இருக்கின்றன, சாலையையும் கடக்கின்றன. அடிபட்ட விலங்கைப் பார்த்தால் பக்கத்தில் போகாதீர்கள், துரத்தாதீர்கள். பயத்தில் அது இன்னும் ஓடிக் காயத்தை மோசமாக்கிக்கொள்ளும், உங்களையும் தாக்கலாம். பாதுகாப்பான தூரத்தில் நின்று, இடத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டு, தேசியப் பூங்காக் கழகத்தை உடனே அழையுங்கள்.