பெருந்தொற்றும் சுற்றுலாத் தொழிலும்: திண்டுக்கல் சமவெளி

பெருந்தொற்றில் பயணம் நின்றுபோனால், பயணிகளை நம்பிப் பிழைப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றிய ஆய்வுகள் 2020-க்குப் பிறகு உலகெங்கும் பெருகின. அவற்றில் பெரும்பகுதி விமானம், நட்சத்திர விடுதி, வெளிநாட்டுப் பயணி ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. திண்டுக்கல் சமவெளிக்கு அந்த அளவுகோல் போதாது. இங்கே சுற்றுலா என்றால் முதலில் பழனிதான். நடந்தும் பேருந்திலும் வந்து, முடியிறக்கி, சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்த டப்பாவோடு பெரும்பாலும் அன்றே ஊர் திரும்பும் கூட்டம் அது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் கடந்துசெல்லும் கொடைரோடும் வத்தலக்குண்டும், திண்டுக்கல் மலைக்கோட்டையும் அதற்கு அடுத்த வரிசையில் வரும்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. இந்தியத் தொல்லியல் துறை தன் நினைவுச்சின்னங்களை மார்ச் 17 முதல் மூடியதால் மலைக்கோட்டைக் கதவு முதலில் அடைபட்டது. அதே மாதம் கோயில்களிலும் பக்தர்களுக்கு அனுமதி நின்றது. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. பழனிக்குக் கொடுமுடித் தீர்த்தக் காவடிகள் திரண்டு வரவேண்டிய பங்குனி உத்திரம் ஏப்ரல் 6 அன்று ஊரடங்குக்குள்ளேயே கழிந்தது. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-ல்தான் திறந்தன. 2021 ஜனவரி 28 தைப்பூசத்துக்குத் தமிழக அரசு முதன்முறையாகப் பொது விடுமுறை விட்டது. இரண்டாம் அலையில் மறுபடி அடைத்து ஜூலை 5-ல் திறந்தார்கள். பிறகு சில மாதங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் அனுமதி இல்லை. வாரத்தில் மூன்று நாள்தானே என்று தோன்றலாம். பழனி மலை அடிவாரத்துக் கடைகளுக்கு வருமானம் வரும் நாட்களே அந்த மூன்றுதான். 2022-ல் ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களுக்குத் தடை. அந்த ஆண்டுத் தைப்பூசம் ஜனவரி 18.

மாநில அளவில் சரிவின் ஆழத்தை மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம் காட்டுகிறது. தமிழகத்தில் உள்நாட்டுப் பயணிகள் வருகை 2019-ல் சுமார் 49.5 கோடி. 2020-ல் அது சுமார் 14 கோடியாகவும் 2021-ல் சுமார் 11.5 கோடியாகவும் சுருங்கியது. அமைச்சகத்துக்காக தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சி மன்றம் (என்.சி.ஏ.இ.ஆர்.) செய்த ஆய்வு, 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் மட்டும் நாட்டில் 1.45 கோடிச் சுற்றுலா வேலைகள் போயின என்று மதிப்பிட்டது. அடுத்த காலாண்டில் 52 லட்சம், அதற்கடுத்து 18 லட்சம். முக்கியமான ஆய்வுதான். ஆனால் நத்தம், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாக நடந்துவந்து மண்டபத்தில் படுத்து எழும் பாதயாத்திரைப் பக்தரை எந்த விடுதிப் பதிவேட்டில் தேடுவது? அவர் வராததால் யார் பட்டினி கிடந்தார் என்பதை அடிவாரத்தில் நின்றுதான் அறிய முடியும்.

ஒரு மொட்டையையே எடுத்துக்கொள்வோம். முடியிறக்கும் தொழிலாளி, தலையில் பூசச் சந்தனம் விற்பவர், குழந்தைக்குக் காது குத்துபவர், மாலை கட்டுபவர், பேருந்து நிலையத்திலிருந்து ஏற்றிவரும் குதிரைவண்டிக்காரர் என ஒரு குடும்பத்தின் வருகை பல கைகளில் காசாக மாறும். கோயில் அடைத்தால் இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வேலை நிற்கும். வண்டி ஓடாவிட்டாலும் குதிரைக்குப் புல் போட்டாக வேண்டும்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தத்தின் சங்கிலி இன்னும் நீளம். மலையில் விளையும் விருப்பாச்சி வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, ஏலக்காய் எல்லாம் சேர்ந்தது அது. டப்பா விற்காவிட்டால் தேக்கம் தோட்டம்வரை போகும். பூவுக்கு அந்த அவகாசம்கூட இல்லை. சந்தை மூடிய நாட்களில் நிலக்கோட்டை மல்லிகையைப் பறித்தால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது.

திண்டுக்கல் நகரத்து பிரியாணிக் கடைகளுக்குப் பார்சல் அனுமதி ஓரளவு கைகொடுத்தது. 2020 ஜூன் 8 முதல் உட்கார்ந்து சாப்பிடவும் விட்டார்கள். தரிசனத்தைப் பார்சலில் கொடுக்க முடியாது. கொடைக்கானலுக்குக் கோடை சீசன் 2020, 2021 இரண்டு ஆண்டும் ஊரடங்கில் போனதால், கொடைரோடு ரயில் நிலையத்தையும் வத்தலக்குண்டுச் சாலையையும் நம்பிய வாடகை வண்டிகளும் டீக்கடைகளும் முடங்கின. அப்போது அறிமுகமான இ-பாஸ், நெரிசலைக் கணக்கிட நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு மறுபடி வந்துவிட்டது.

நிவாரணம் பதிவுள்ளவர்களுக்கே எளிதாகக் கிடைத்தது. 2021 ஜூனில் மத்திய அரசு அறிவித்த கடன் திட்டம் அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய், வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் ரூபாய்வரை தந்தது. சாலையோர வியாபாரிகளுக்கு 2020-லேயே 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தது. கையில் சான்று வைத்திருப்பவருக்கு அது உதவி. கோயில்களில் முடியிறக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையை 2021 செப்டம்பரில், மொட்டைக் கட்டணத்தை ரத்து செய்தபோது, தமிழக அரசு அறிவித்தது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கைக்கு வரும் தொகை என்பதால் இது மற்றவற்றைவிடப் பயனுள்ளது.

காந்திகிராமம் போன்ற உயர்கல்வி நிறுவனம் இதே சமவெளியில் இருக்கிறது. அங்கே படிக்கும் ஆய்வு மாணவர்கள் பழனி அடிவாரத்துக்குப் போய், குதிரைவண்டிக்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் 2020 சித்திரையில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும், அந்த நினைவு மங்குவதற்குள்.