கால்பந்துத் திடலில் சமநீதி

1920 டிசம்பர் 26-ஆம் நாள், லிவர்ப்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் மகளிர் கால்பந்தாட்டம் காண ஏறத்தாழ 53,000 மக்கள் திரண்டனர். மறு ஆண்டே, அவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் திடல்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

சஸெக்ஸ் பகுதியிலுள்ள லூயிஸ் என்னும் சிறு நகரில் 1885-இல் தோன்றிய கால்பந்துக் கழகம், 2010-இல் பொதுமக்களின் உடைமையாயிற்று. பங்குதாரர் எவராயினும் ஆளுக்கு ஒரு வாக்கே உண்டு. அதனிடம் பெருஞ்செல்வம் இல்லை. ஆயினும் 2017-இல், ஆடவர் அணிக்கும் மகளிர் அணிக்கும் சமமாகவே பணம் ஒதுக்க அது முடிவு செய்தது.

மகளிர் ஆட்டம் நலிந்தது காண்போர் இன்மையால் அன்று, கதவு அடைபட்டமையால். அடைத்ததும் மனிதரே, திறந்ததும் மனிதரே.