போன் லைன் கட்டானால் சர்வர் என்ன செய்யும்?

ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒருநாள் ராத்திரி என்ஜின்எக்ஸ் சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி மாத்தினேன். கடைசியில் செமிகோலன் வைக்க மறந்துட்டேன். ரீலோட் கொடுக்க வேண்டிய இடத்தில் ரீஸ்டார்ட் கொடுத்தேன். நின்ன சர்வர் திரும்ப எழுந்திருக்கவே இல்லை. மொத்த சைட்டும் காலி!

இந்த ரெண்டு கட்டளைக்கும் என்ன வித்தியாசம்? அதுக்கு வெப் பிறக்கறதுக்கு முன்னாடி போகணும்.

அப்போ யூனிக்ஸ் கம்ப்யூட்டரை தூரத்தில் இருந்து மோடம் வழியா, டெலிபோன் லைனில்தான் பிடிப்பாங்க. லைன் கட்டானா, அங்கே ஓடிட்டிருக்கிற புரோகிராமுக்கு கெர்னல் ஒரு சிக்னல் அனுப்பும். பேரு 'ஹேங்கப்', அதாவது போனை வெச்சுட்டாங்க. சுருக்கமா ஹப். அது வந்தா புரோகிராம் பொதுவா செத்துடும். ஆனா பின்னணியில் ஓடும் டீமன்களுக்கு டெர்மினலே கிடையாது. போன் வைக்க யாரும் இல்லை. சும்மா கிடக்கிற சிக்னல்தானேன்னு, 'கான்ஃபிக்கை மறுபடி படி' என்கிற வேலையை அதன் தலையில் கட்டிட்டாங்க.

1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் எழுதிய என்சிஎஸ்ஏ வெப் சர்வரும் இதே வழக்கத்தைத்தான் எடுத்துக்கிட்டது. 'கில் மைனஸ் ஹப்', பக்கத்தில் புராசஸ் எண். (பேர்தான் கில். கொல்லாது, சிக்னல் அனுப்பும், அவ்வளவுதான்.) 1994-ல் அவர் கிளம்பிட்டார். சர்வரை நம்பியிருந்தவங்க தங்கள் பேட்ச்களை ஒண்ணு சேர்த்தாங்க. அதுதான் 1995-ல் அப்பாச்சி ஆச்சு. 1996-லேயே உலகத்தில் அதிகம் ஓடும் வெப் சர்வர்.

ஆனா அப்பாச்சியில் ஒரு சிக்கல். ரீஸ்டார்ட் சிக்னல் வரும்போது கான்ஃபிக்கில் தப்பு இருந்தா, தாய் புராசஸே வெளியேறிடும். அதனாலதான் 'கான்ஃபிக்டெஸ்ட்'னு தனியா ஒரு கட்டளை வெச்சாங்க.

2004-ல் ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், ஹப் வந்தா முதலில் கான்ஃபிக்கைச் சரிபார்க்கும். தப்புன்னா லாக்ல எழுதிட்டு, பழசை வெச்சே ஓடும். ரீலோட் அனுப்புறதும் இதே ஹப்தான்.

நான் அன்னைக்கு ரீலோட் கொடுத்திருந்தா, செமிகோலன் இல்லாத விஷயம் எனக்கும் லாகுக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியமா இருந்திருக்கும். இப்பவெல்லாம் 'என்ஜின்எக்ஸ் மைனஸ் டி' அடிச்சுப் பார்க்காம கீபோர்டில் கையை எடுக்கறதில்லை.