மனநலப் பணியாளரின் பணிச்சோர்வு

மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப்பணியாளர், செவிலியர் ஆகியோர் பிறர் துயரத்தை நாள்தோறும் கேட்டுக் கேட்டு உள்ளம் வற்றிப்போகும் நிலையே பணிச்சோர்வு. நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் இதைப் பற்றி எழுதினார். இலவச மருத்துவமனைத் தொண்டர்களிடம்தான் அவர் இதைக் கண்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு (11ஆம் பதிப்பு) இதை நோயாகக் கொள்ளவில்லை. வேலையால் விளையும் நிலை என்றே சொல்கிறது. தீராத களைப்பு, வேலையில் ஒட்டாத மனம், செய்து என்ன பயன் என்ற எண்ணம் மூன்றும் இதன் அடையாளங்கள்.

இந்தியாவில் இதற்கு முதன்மைக் காரணம் ஆள் பற்றாக்குறை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. தமிழகத்தில் முதலில் திருச்சிக்கு வந்தது. மாவட்டத்துக்கு ஒரு சிறு குழு, வட்டார மருத்துவமனைகளுக்கு முறைவைத்துப் போய்வர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. திருநெல்வேலிக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில் இதன் சுமை தெரியும். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், மலையடிவாரச் சிற்றூர்கள் என்று சுற்றுவட்டாரம் பெரிது. அன்றைய பீடிக் கூலியை விட்டுவிட்டு ஓபி சீட்டோடு வரும் தாய், "ராத்திரி பூரா உறங்கவே மாட்டேங்கான் சார்" என்று தொடங்கும்போதே அடுத்தவர் வாசலில் நிற்பார். மாத்திரை எழுதித்தர நேரம் இருக்கும், அவள் சொல்வதை முழுதாகக் கேட்க இருக்காது. கேட்கத் தெரிந்தவருக்குக் கேட்க முடியாமற்போவதே பெரும் வதை.

2022 அக்டோபர் 10இல் தொடங்கிய 14416 மனநலத் தொலைபேசிச் சேவையின் ஆலோசகர்களுக்கு வேறு வகைச் சுமை. இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகு, அழைத்த மனிதர் என்ன ஆனார் என்பது பல சமயம் தெரியாமலே போகும். தான் பார்த்துவந்த ஒருவர் தற்கொலை செய்துகொண்டால் பணியாளர் குற்றவுணர்வில் உழல்வார். அதைப் பேசி இறக்கிவைக்க மூத்தவர் ஒருவர் வேண்டும்.

தியானமும் யோகாவும் ஓரளவு உதவும். ஆனால், வரிசையின் நீளத்தை அவை குறைக்கா. பணியிடங்களைக் கூட்டுவதும், மூத்தவரோடு வாரந்தோறும் கலந்துபேச நேரம் ஒதுக்குவதுமே உண்மையான தீர்வு. மக்கள்தொகைக்கேற்பப் போதிய மனநலப் பணியாளர்களைப் பத்தாண்டுக்குள் அமர்த்த அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. கெடு 2028இல் முடிகிறது.