மறைந்தவர் விட்டுச்சென்ற படகு: அடையாளம் கண்ட பின்னரே விற்பனை

கடலை நம்பி வாழும் குடும்பமொன்றின் தலைவர் கண்மூடும்போது, வீட்டுக் காணிக்கு அடுத்தபடியாக அக்குடும்பத்துக்கு எஞ்சும் பெறுமதிமிக்க உடைமை பெரும்பாலும் கரையில் இழுத்து வைக்கப்பட்டிருக்கும் படகும் அதன் இயந்திரமுமே ஆகும். அந்தியேட்டிச் செலவுக்கோ கத்தம் ஓதும் செலவுக்கோ பணம் தேவைப்படும் வேளையில், வாசலுக்கு வரும் முதல் தரகர் சொல்லும் விலைக்கே அது கைமாறிவிடுகின்றது. படகைப் பற்றி எதுவும் அறிந்திராத விதவையும் பிள்ளைகளும் தாம் எதை விற்றோம் என்பதைக் கூட அறியாதிருப்பது வேதனைக்குரியதாகும். எனவே, இத்தகைய படகை அடையாளம் காண்பதும் முறையாக விற்பதும் எவ்வாறு என்பதை இங்கு தொகுத்துத் தர விரும்புகின்றோம்.

முதலில் நோக்க வேண்டியது பதிவு இலக்கமாகும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். படகின் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள இலக்கத்தின் தொடக்கத்தில் 'ஓ.எஃப்.ஆர்.பி.' என்றிருந்தால் அது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகு, 'ஐ.எம்.யு.எல்.' என்றிருந்தால் பலநாள் கலம். இறுதி எழுத்துகள் மாவட்டத்தைக் குறிப்பன, 'ஜே.எஃப்.என்.' யாழ்ப்பாணத்தையும் 'எம்.என்.ஆர்.' மன்னாரையும் சுட்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் 2009இல் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளிலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் பல. அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. மறைந்தவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொண்டு கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலோ, அப்பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமோ விசாரிக்கலாம். ஆழிப்பேரலைக்குப் பின்னர் நன்கொடையாகக் கிடைத்த படகாயின், அது தனியொருவருக்கு வழங்கப்பட்டதா, கூட்டாகப் பலருக்கு வழங்கப்பட்டதா என்பதைக் கையளிப்புக் கடிதத்தில் பார்த்துக்கொள்வது அவசியமாகும்.

அடுத்தது படகின் உடல். இயந்திரம் பூட்டும் பின்பலகையின் உள்ளே மரம் வைத்து பைபர் பூசப்பட்டிருப்பதுண்டு. ஆணித் துளைகளின் வழியே நீர் இறங்கினால் அம்மரம் உக்கிவிடும். சிறு கட்டையால் தட்டிப் பார்க்கும்போது கணீரென்ற ஒலிக்குப் பதிலாக மந்தமான ஒலி எழுந்தால் பழுது உண்டென அறியலாம். அடிப்பகுதியில் கொப்புளங்கள், உட்புறத்தில் நிறம் மாறிய ஒட்டுகள் ஆகியன பழைய சேதத்தின் அடையாளங்களாகும்.

இயந்திரம் படகிலிருந்து வேறான உடைமை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். படகில் அதைப் பிணைக்கும் பிடியின் அருகே சிறு தகடு ஒன்று இருக்கும். அதிலுள்ள மாதிரிக் குறியீட்டையும் தொடரிலக்கத்தையும் எழுதிக்கொண்டு, வாங்கிய பற்றுச்சீட்டுடன் ஒப்பிட வேண்டும். யமஹா இயந்திரங்களில் 'இ.கே.' எனத் தொடங்கும் குறியீடு மண்ணெண்ணெய்யில் இயங்கும் வகையைச் சுட்டுகின்றது. இது விலையைப் பாதிக்கும் விடயமாகும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது கடற்றொழிலாளர் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. இயந்திரத்தை இயக்கிக் காட்டும்போது தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கியே இயக்க வேண்டும். வெறுமனே ஓடவிட்டால் நீரேற்றும் பாகம் கருகிவிடும். கியர் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்பது பொருள்.

இவற்றை விடவும் முக்கியமான வினா, படகு யாருக்கு உரியது என்பதாகும். மூத்த மகனோ மறைந்தவரின் சகோதரரோ தனித்து விற்றுவிட முடியாது. தேசவழமைக்கு உட்பட்டோரிடையே, திருமண காலத்தில் பெறுமதி கொடுத்து வாங்கிய படகு தேடியதேட்டமாகும். அதில் அரைப்பங்கு மனைவியைச் சேரும். முதுசமாக வந்ததாயின் கணக்கு வேறு. தேசவழமைக்கு உட்படாத தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவிக்கு அரைவாசியும் பிள்ளைகளுக்கு மீதியும் உரியன. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியே மார்க்கச் சட்டம் பொருந்தும். மறைந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லாத நிலையில், மனைவியும் ஒரு மகனும் இரு மகள்மாரும் இருப்பதாகக் கொள்வோம். கடன்களைத் தீர்த்த பின்னர் எஞ்சுவது 4 இலட்சம் ரூபாவாயின், மனைவிக்கு எட்டிலொன்றான 50,000 ரூபாவும், மகனுக்கு 175,000 ரூபாவும், மகள் ஒவ்வொருவருக்கும் 87,500 ரூபாவும் சேரும். இத்தகைய பிணக்குகளைக் காதி நீதிமன்றம் விசாரிப்பதில்லை. மாவட்ட நீதிமன்றமே அதற்குரிய இடமாகும். பராயமடையாத பிள்ளைகள் இருப்பின் சட்டத்தரணியின் ஆலோசனை இன்றியமையாதது. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

விற்க முடிவு செய்தபின், படகு, இயந்திரம், வலை ஆகியவற்றைத் தனித்தனியே விலை மதிக்க வேண்டும். மொத்தமாக ஒரு விலை பேசுவது தரகருக்கே இலாபமாகும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அனுபவசாலிகள் இருவரிடமேனும் விலை கேட்பது நல்லது. வங்கிக் கடனோ சங்கக் கடனோ நிலுவையில் இருந்தால் அதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். உரித்தாளர் அனைவரும் ஒப்பமிட்ட எழுத்துமூல உடன்படிக்கையில் பதிவு இலக்கம், இயந்திரத் தொடரிலக்கம், விலை, திகதி ஆகியன இடம்பெற வேண்டும். மரணச் சான்றிதழின் பிரதியையும் அதனுடன் இணைத்துக்கொள்ளலாம்.

பணம் கைக்கு வந்ததும் விற்பனை முடிந்துவிட்டதெனக் கருதுவது பெருந்தவறாகும். பதிவேட்டில் பெயர் மாற்றப்படும்வரை அப்படகு இறந்தவரின் பெயரிலேயே இருக்கும். நாளை அது கடத்தலிலோ தடைசெய்யப்பட்ட தொழிலிலோ பிடிபட்டால், அதிகாரிகள் முதலில் தட்டும் கதவு அவ்விதவையின் வீட்டுக் கதவாகவே இருக்கும். ஆகவே, வாங்குபவரையும் அழைத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குச் சென்று, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த பின்னரே இறுதித் தொகையைப் பெற்றுப் படகைக் கையளிப்பது பாதுகாப்பானது.

ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் உப்புக்காற்றில் உழைத்துத் தேடிய உடைமை அது. சில நாட்கள் பொறுத்து, பத்திரம் பார்த்து, பங்காளர் அனைவரையும் கேட்டு விற்பதால் எவருக்கும் நட்டமில்லை. அவசரத்தில் விற்றால், நட்டப்படுவது பெரும்பாலும் குரலற்றுப்போன தாயும் பெண்பிள்ளைகளுமே ஆவர். இதை ஊர்ப் பெரியவர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் கருத்திற் கொண்டு அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.