செசபீக்–ஒஹையோ கால்வாய்க் கரைப்பாதை

அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றை ஒட்டி, வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து ஊர்வரை செல்லும் மண்பாதை. நீளம் 184.5 மைல், அதாவது 297 கிலோமீட்டர். நிலக்கரிப் படகுகளை இழுத்துச்சென்ற கோவேறு கழுதைகள் நடப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் போடப்பட்டது. இன்று மோட்டார் வாகனம் எதுவும் நுழைய முடியாத இப்பாதையில், மூட்டை முடிச்சைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் பயணம் போகிறவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வருகிறார்கள்.

சைக்கிள் பயணத்துக்கு இது இத்தனை பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் கழுதைகள்தாம். நீர் நிறைந்த கால்வாயில் மிதக்கும் நூறு டன்னுக்கு மேற்பட்ட சரக்கை இரண்டு மூன்று கோவேறு கழுதைகள் இழுத்துவிடும். ஆனால் அவற்றின் காலடியில் மேடு பள்ளம் இருக்கக் கூடாது. ஆகவே கரை முழுவதும் கால்வாயின் நீர்மட்டத்தோடு சேர்ந்தே போகிறது. இரு முனைகளுக்கும் இடையே உயர வேறுபாடு 605 அடி. அதை 74 மதகுத் தொட்டிகள் படிப்படியாக ஏற்றி இறக்கின. படகு தொட்டிக்குள் நுழைந்ததும் கதவை மூடி நீரைப் பெருக்குவார்கள் அல்லது வடிப்பார்கள். படகு ஏறக்குறைய எட்டடி உயரும் அல்லது தாழும். சைக்கிளில் போகிறவருக்கு இந்த ஏற்றமெல்லாம் ஒவ்வொரு தொட்டியின் பக்கத்திலும் வரும் ஒரு சின்னச் சரிவாக மட்டுமே தெரியும். மற்ற இடமெல்லாம் சமதளம். ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்துப் போகிறோம் என்பதையே கால்கள் உணராது.

கால்வாய் யோசனை ஜார்ஜ் வாஷிங்டன் காலத்தது. அப்பலேச்சியன் மலைக்கு அப்பால் உள்ள நிலங்களைக் கிழக்குக் கடற்கரையோடு நீர்வழியால் இணைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1785இல் தொடங்கிய பொட்டோமாக் கம்பெனிக்கு அவரே முதல் தலைவர். அந்தக் கம்பெனி அருவிகளைச் சுற்றிச் சிறு கால்வாய்களை வெட்டியது. ஆனால் வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வரும் ஆற்றை நம்பிப் படகு விட முடியவில்லை. ஆற்றுக்குப் பக்கத்திலேயே தனிக் கால்வாய் வெட்டுவது என்ற முடிவு அப்படித்தான் பிறந்தது. 1828 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டினார். அதே நாளில் பால்டிமோர் நகரில் பால்டிமோர்–ஒஹையோ ரயில்பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். இரண்டும் மேற்கே ஒஹையோ ஆற்றை எட்டப் புறப்பட்டவை. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இடுக்கான பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் என்னுமிடத்தில் யாருக்கு முதல் உரிமை என்று இரு கம்பெனிகளும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. வழக்கில் வென்றது கால்வாய். பந்தயத்தில் வென்றது ரயில். 1842இல் ரயில் கம்பர்லாந்தை அடைந்துவிட்டது. கால்வாய் அங்கே சேர்ந்தது 1850இல். அதற்கு மேல் மலையேற அதனிடம் பணமும் இல்லை, காரணமும் இல்லை.

வெட்டியவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள். ஜெர்மானியரும் ஆங்கிலேயக் கொத்தர்களும் உடன் இருந்தனர். 1832இல் காலரா அவர்களுடைய குடிசைகளைச் சூறையாடியது. கூலி பாக்கியும் வேலை போய்விடும் என்ற பயமும் சேர்ந்து, அயர்லாந்தின் வெவ்வேறு பகுதியினருக்குள் 1834 ஜனவரியில் அடிதடியாக வெடித்தபோது குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் ராணுவத்தை அனுப்பினார். தொழிலாளர் தகராறு ஒன்றில் அமெரிக்கக் கூட்டரசின் படை இறங்கியது அதுவே முதல் முறை. இன்று அமைதிக்காகவே தேடிவரும் பாதையில் இந்தச் செய்தியையும் மனத்தில் வைத்துக்கொண்டு போவதுதான் நியாயம்.

அவர்கள் உழைப்பின் அளவை இரண்டு இடங்களில் நேராகப் பார்க்கலாம். ஒன்று, மொனாகசி ஆற்றுக்கு மேல் கால்வாயையே தூக்கிச்செல்லும் கல் தொட்டிப்பாலம். நம் மாத்தூர் தொட்டிப்பாலம் வயலுக்கு நீர் கொண்டுபோவதுபோல் இது படகுகளைக் கொண்டுபோயிற்று. ஏழு வளைவுகள், 516 அடி நீளம், 1833இல் முடிந்தது. மற்றொன்று பாபா சுரங்கம். ஆறு பாம்புபோல் நெளியும் ஒரு பகுதியைத் தவிர்க்க மலையைக் குடைந்தார்கள். 1836இல் தொடங்கிய வேலை, பணமுடையால் இடையில் நின்று, 1850இல்தான் முடிந்தது. நீளம் 3,118 அடி. உட்புறம் முழுக்கச் செங்கல், ஏறத்தாழ அறுபது லட்சம். கழுதை நடந்த ஒடுங்கிய திட்டு இன்றும் ஒரு பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. விளக்கு வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே உத்தமம். நடுவில் வரும்போது இரு முனை வெளிச்சமும் சிறு புள்ளிதான். சுரங்கத்துக்கும் அருகிலுள்ள ஊருக்கும் பெயர் கொடுத்த பாபா மரம் நம் சீத்தாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. கரையோரம் எங்கும் வளர்கிறது. அதன் பழம் செப்டம்பரில் கனியும்.

படகுத் தொழில் 1870களில் உச்சத்தில் இருந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட படகுகள் ஓடின. பல படகுகளில் குடும்பமே வசித்தது. பிள்ளைகள்தாம் கழுதைகளோடு கரையில் நடந்தவர்கள். ஒரு ஜோடிக் கழுதை இழுக்கையில் மற்றொன்று படகின் முன்பகுதியில் கட்டிய கொட்டிலில் ஓய்வெடுக்கும். 1889 வெள்ளம் கால்வாயைச் சிதைத்தது. கம்பெனி திவாலாகி, போட்டியாளரான ரயில் கம்பெனியின் பிடிக்குள் போயிற்று. 1924இல் மீண்டும் வெள்ளம் வந்தபோது கடைசிப் படகும் நின்றது.

1938இல் கூட்டரசு இருபது லட்சம் டாலர் கொடுத்துக் கால்வாயை வாங்கியது. வேலையில்லா இளைஞர்களுக்காக அமைத்த பணிப்படையின் கறுப்பினப் பிரிவுகள் வாஷிங்டனுக்கு அருகிலிருந்த 22 மைலைச் சீர்செய்தன. அடுத்து வந்ததோ வெள்ளத்தைவிடப் பெரிய ஆபத்து. கால்வாயும் கரையும் கிடந்த தடத்தில் கார்கள் உல்லாசமாகப் போவதற்கு ஒரு சாலை போடலாம் என்று திட்டமிட்டார்கள். 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

அதற்கு மறுப்பு எழுதியவர் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ். மலையேற்றத்திலும் நடையிலும் ஊறியவர். தலையங்கம் எழுதியவர் தன்னோடு கரை முழுவதும் நடந்து பார்க்கட்டும், பிறகு எழுதட்டும் என்று அழைத்தார். பத்திரிகை அழைப்பை ஏற்றது. மார்ச் மாதக் குளிரில் கம்பர்லாந்துப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் கிளம்பியது. இயற்கை ஆய்வாளர்களும் நிருபர்களும் அதில் இருந்தார்கள். எட்டு நாள் நடை. கொப்புளமும் களைப்புமாகப் பலர் இடையில் விலக, முழுத் தொலைவும் நடந்தவர்கள் டக்ளஸ் உள்ளிட்ட ஒன்பது பேர். வழியெல்லாம் மக்கள் கூடினார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. நடந்து முடித்தபின் பத்திரிகையும் தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது. ஆற்றோரம் முழுக்கச் சாலை என்ற திட்டம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது.

மோட்டார் யுகம் முழு வீச்சில் இருந்த நாட்டில், ஊர் ஊராக நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்த பத்தாண்டில், ஒரு பாதை காருக்குக் கொடுக்கப்படாமல் தப்பியது என்பதே இக்கரைப்பாதையின் வரலாற்றில் முதன்மையான நிகழ்ச்சி. வாகனமில்லாத சைக்கிள் பாதை தானாக அமைவதில்லை. யாராவது ஒருவர் தக்க நேரத்தில் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். 1961இல் ஐசன்ஹோவர் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். 1971 ஜனவரியில் நிக்சன் கையெழுத்தில் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று. 1977இல் பூங்கா டக்ளஸுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

சைக்கிள்காரர்களுக்கு வேண்டிய ஏற்பாடுகள் எளியவை. சில மைலுக்கு ஒருமுறை நடப்போருக்கும் சைக்கிள்காரருக்கும் மட்டுமான கூடார இடங்கள்: தண்ணீருக்கு ஒரு கைப்பம்பு, ஒரு மேசை, ஒரு கழிப்பறை. மதகுக் காவலர் குடியிருந்த பழைய வீடுகள் சிலவற்றில் வாடகைக்கு இரவு தங்கலாம். தரை மண்ணும் பொடிக்கல்லும் கலந்தது. மழை பெய்தால் சேறு. ஒல்லியான டயர் உதவாது. முழுத்தொலைவையும் பெரும்பாலோர் மூன்று முதல் ஐந்து நாளில் கடக்கிறார்கள்.

கால்வாய் போகாமல் விட்ட மேற்குப் பகுதியை மூடப்பட்ட ரயில்தடங்கள் நிறைவுசெய்தன. 1975இல் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்பாதை கைவிடப்பட்ட இடத்தில், தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் பொடிக்கல் பரப்பும் வேலையை உள்ளூர்த் தொண்டர்கள் தொடங்கினார்கள். முதல் துண்டு 1986இல் பென்சில்வேனியாவின் ஒஹையோபைல் ஊரில் திறந்தது. பாலம் பாலமாக, ஊர் ஊராகச் சேர்ந்து, 2013இல் 150 மைல் நீளமுள்ள கிரேட் அலிகெனி பாதை பிட்ஸ்பர்க்வரை முழுமை பெற்றது. நிலக்கரி எஞ்சின்களுக்காக அமைத்த தடம் என்பதால் இங்கும் சரிவு மென்மையானதே. கம்பர்லாந்திலிருந்து மேற்கே போகிறவர்கள் முதல் 24 மைல் இடைவிடாமல் ஏற வேண்டும். 2,392 அடி உயரத்தில் நீர்ப்பிரிமேடு. அதன் ஒரு பக்கம் பெய்யும் மழை அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் பெய்வது மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது. இரு பாதைகளும் சேர்ந்து ஏறக்குறைய 540 கிலோமீட்டர். 1828இல் வரைபடத்தில் இருந்த பிட்ஸ்பர்க் பயணம் இப்போது சைக்கிளில் கைகூடுகிறது.

ஆற்றங்கரைப் பாதைக்கு ஆறே பகை. 1936, 1972, 1985, 1996 வெள்ளங்கள் ஒவ்வொன்றும் கரையை அரித்துப்போயின. கால்வாய்க்காக ஆற்றில் கட்டிய நான்காம் அணைக்கு மேலுள்ள பிக் ஸ்லாக்வாட்டர் பகுதியில் படகுகள் கால்வாயை விட்டு ஆற்றிலேயே மிதந்தன. அங்கே செங்குத்துப் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே தொங்கிய கரைப்பாதை இடிந்து விழுந்தது. பல ஆண்டுகள் சைக்கிள்காரர்கள் அந்த இடத்தில் மட்டும் வண்டிகள் விரையும் வளைந்த சாலைகளில் சுற்றிப் போக வேண்டியிருந்தது. சில மைல் சுற்றுதான். ஆனால் குழந்தைகளை அழைத்து வந்தவர்களுக்கு மற்றப் பயணம் முழுவதன் நிம்மதியையும் அது கெடுத்தது. பாறையை ஒட்டி ஆற்றுக்கு மேலே கான்கிரீட் நடைமேடை அமைத்து, 2012 அக்டோபரில் அந்த இடைவெளியையும் மூடினார்கள்.