பெயருள்ள முகங்கள், பெயரில்லாத முகங்கள்

ஜூலியா மார்கரெட் கேமரனின் ஒளிப்படங்களைத் தொகுத்து, எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபும் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரையும் முன்னுரை எழுத, 1926இல் ஹோகார்த் பிரஸ் ஒரு நூல் வெளியிட்டது. அதன் தலைப்பே ஆண்களுக்குப் புகழையும் பெண்களுக்கு அழகையும் பங்கு பிரித்துக் கொடுத்தது. ஆனால் அழகு என்ற சட்டத்துக்குள் அடங்காத பெண்களைத்தான் கேமரன் படமெடுத்தார். அந்தப் பார்வை எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

1815இல் கல்கத்தாவில் பிறந்த அவருக்கு, 48 வயதில், 1863இன் இறுதியில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டின் கோழிக்கூண்டு ஸ்டுடியோவாகவும் நிலக்கரி அறை இருட்டறையாகவும் மாறின. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அன்றைய ஸ்டுடியோக்கள் தூணும் திரைச்சீலையும் வைத்து, முழு உருவத்தையும் உடையையும் அந்தஸ்தையும் காட்டின. கேமரன் முகத்தை நெருங்கிப் போனார். படம் கலங்கலாக இருக்கிறதென்று ஒளிப்படச் சங்கத்தார் குறை சொன்னபோதும் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

மாதாவாகவும் ஷேக்ஸ்பியரின் ஒஃபீலியாவாகவும் வேடமிட்டுப் பெண்களை உட்காரவைத்தவர், ஆண்கள் வகுத்த பெண்மைக்கு மெருகேற்றினார், அவ்வளவுதான் என்பார்கள். எழுத்தாளர் கார்லைலும் விஞ்ஞானி ஹெர்ஷலும் சொந்தப் பெயரிலேயே படமானார்கள் என்பதால் இந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் மாதாவாக அமர்ந்தவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர். குலத்தையும் தகுதியையும் முகத்திலேயே படித்துவிடலாம் என்று நம்பிய சமூகத்தில் அது துணிச்சலான தேர்வு. தங்கை மகள் ஜூலியா ஜாக்சனுக்கோ வேடமே தேவைப்படவில்லை. பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபுக்குத் தாயான இவரை 1867இல் எடுத்த படத்தில், கூந்தல் அவிழ்ந்திருக்கிறது. முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்தில், மறுபாதி நிழலில். சிரிப்பில்லை. கண்கள் நேராகப் பார்க்கின்றன. யாரையும் மகிழ்விக்க வேண்டிய கடமை அந்த முகத்துக்கு இல்லை.

1875இல் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் கேமரன் குடிபெயர்ந்தார். 1879இல் அங்கேயே இறந்தார். தமிழ் மாவட்டங்களிலிருந்து போன கூலிகளின் உழைப்பில் அத்தகைய தோட்டங்கள் நடந்த காலம் அது. அவர் அங்கே எடுத்தவற்றில் எஞ்சியவை 30க்கும் குறைவு. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் ஊர்மக்களும் இருக்கிறார்கள். பெண்களின் பெயர்கள் இல்லை. காலனிய ஒளிப்படக்காரர்கள் பலரைப் போல அவர்களை அளவுகோலுக்குப் பக்கத்தில் இனமாதிரிகளாக நிறுத்தவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் இங்கிலாந்துப் பணிப்பெண்ணின் பெயர் வரலாற்றில் நிற்கிறது, இலங்கைப் பெண்ணின் பெயர் நிற்கவில்லை. கேமரனைக் கொண்டாடும் கண்காட்சிகள் இந்தப் படங்களை ஓரத்துக்குத் தள்ளாமல், ஜூலியா ஜாக்சனுக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும்.